மஞ்சுக்குக் குடை

மூடுபனிக்குக் குடை பிடித்து நடந்த ஒரே ஆளைக் குன்னூரில் நான் பார்த்திருக்கிறேன். மழைக்கு எல்லாரும் பிடிப்பார்கள். சீசன் வெயிலுக்கு வெளியூர்க்காரர்கள் பிடிப்பார்கள். மஞ்சு என்று இங்கே சொல்கிற அந்த மூடுபனி இறங்கி, எதிரே வருகிற பஸ்ஸின் விளக்கு மட்டும் தெரிகிற நேரத்தில், கறுப்புக் குடையை முகத்தோடு சாய்த்துப் பிடித்துக்கொண்டு, சித்திரை வெயிலில் போகிறவள் மாதிரி அவள் போவாள். என் பேக்கரி வாசலில் டீ குடிக்கிறவர்கள் சிரிப்பார்கள். நானும்தான் சிரித்தேன்.

என்னைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கதை புரியாது. நான் ஐந்தாவதைத் தாண்டாதவன். காரமடையிலிருந்து ஒரு பையோடு மலையேறி, மண்டியில் கேரட் மூட்டை தூக்கி, பிறகு ஒரு பேக்கரியில் தட்டு கழுவி, வர்க்கி என்கிற இந்த ஊர் அடுக்கு பிஸ்கட்டுக்கு மாவு மடிக்கிற வித்தையைப் பார்த்தே பிடித்தவன். இன்றைக்கு பஸ் ஸ்டாண்டிலிருந்து மேலே ஏறுகிற ரோட்டில் மூன்று மாடிக் கட்டடம் என்னுடையது. கீழே பேக்கரி. ஊட்டிக்கு ஏறுகிறவர்கள் வண்டியை நிறுத்தி என் வர்க்கியை வாங்காமல் போவதில்லை. படித்தவர்கள் பலர் என்னிடம் யோசனை கேட்டு வருகிறார்கள். அதனால் ஆளை எடைபோடத் தெரியும் என்று நான் சொன்னால் அது வெறும் பேச்சில்லை. அவளை மட்டும்தான் என்னால் எடைபோட முடியவில்லை.

முதல் மாடியில் வாடகைக்கு அறை கேட்டு வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தைச் சுற்றி ஒரு துப்பட்டா. என் கட்டடத்தில் முன்பக்க அறைக்குத்தான் போட்டி, ஏனென்றால் அதற்கு நேர் கீழே என் விறகு அடுப்பு. மார்கழியில்கூடத் தரை வெதுவெதுப்பாக இருக்கும். டியூஷன் டீச்சர், தையல்காரர், இன்சூரன்ஸ்காரர் என்று அந்த அறைக்கு அடித்துக்கொண்டவர்கள் உண்டு. நான் பெருமையாகக் கதவைத் திறந்துவிட்டேன். அவள் செருப்பைக் கழற்றி உள்ளே ஒரு அடி வைத்தாள். குனிந்து தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

"ஏனுங்க, கீழ என்ன இருக்குது?"

"அடுப்பு. விறகு அடுப்பு. இந்த ரூம்ல ஸ்வெட்டரே வேண்டாம் அம்மணி."

"அப்ப வேண்டாமுங்க. பின்னாடி ஏதாச்சும் ரூம் இருக்குதுங்களா?"

"பின்னாடி மைதா மூட்டை போடற ரூமு. வெயிலே வராது. எலிகூட அங்க குடியிருக்காது."

"அதைக் காட்டுங்க" என்றாள்.

அதைத்தான் எடுத்துக்கொண்டாள். வெள்ளை அடித்து, ஒரு சாய்வு நாற்காலி போட்டு, ஜன்னலுக்குத் தடித்த திரை கட்டினாள். பிறகு ஒரு டேபிள் ஃபேன் வந்து இறங்கியது. குன்னூரில், டிசம்பரில், ஃபேன்! எங்கள் அடுப்பு மாஸ்டர் மயில்சாமி அதை மாடிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்து, "மொதலாளி, மேல ஐஸ் கம்பெனி வருதுங்களா?" என்றான்.

வந்தது பருவுக்கான வைத்தியம். கோயமுத்தூரில் ஒரு தோல் டாக்டரிடம் வருடக்கணக்கில் வேலை பார்த்தவள். அந்த டாக்டர் மாதம் ஒருமுறை மேலே வந்து, யாருக்கு என்ன மருந்து, எவ்வளவு காட்டம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார். போடுவது அவள். முகத்தைச் சுத்தம் செய்து, ஒரு திரவத்தை மெல்லிய பிரஷ்ஷில் தடவி, சற்று நேரம் வைத்துக் கழுவுவாள். கொஞ்ச நாளில் மேல்தோல் பூண்டுத் தோல் மாதிரி உரிந்து போகும். அடியில் புதுசு வரும். பீலிங் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். எஸ்டேட் ஆபீஸ் பிள்ளைகள், பேங்க் பிள்ளைகள், கட்டபெட்டிலிருந்து காலேஜ் பிள்ளைகள் என்று வந்துகொண்டே இருந்தார்கள்.

வந்தவர்களை அவள் முன்படி வழியாக இறங்க விடமாட்டாள். முன்படி என் அடுப்பைத் தாண்டித்தான் ரோட்டுக்கு வரும். முகம் முழுக்க வெள்ளைக் களிம்பு தடவி, கையில் அந்தக் கறுப்புக் குடையைக் கொடுத்து, பின்பக்கத்துப் பாசிபிடித்த படி வழியாக அனுப்புவாள். சில நாள் தானே கூடப் போய் ஆட்டோ ஏற்றிவிட்டு வருவாள். மஞ்சுக்குள் அந்த வெள்ளை முகங்கள் சத்தமில்லாமல் இறங்கிப் போவதைப் பார்த்தால் எனக்கே முதுகு சிலிர்க்கும்.

"பின்னாடி பேய் எறங்குது மொதலாளி" என்பான் மயில்சாமி. சிரித்துக்கொண்டுதான் சொல்வான். ஆனால் சாயங்காலமானால் விறகு எடுக்கப் பின்பக்கம் போகமாட்டான்.

அவள் அதிகம் பேசமாட்டாள். பேசினால் அதில் ஒரு வார்த்தை கட்டாயம் வரும்: "தோலு மறக்காதுங்க." டீயைக் கொடுத்தால் ஆவி அடங்கும்வரை தள்ளி வைத்திருப்பாள். ஏன் என்றால் அதே பதில். மஞ்சுக்கு எதற்குக் குடை என்றால், "மஞ்சுக்குள்ளயும் வெயில் இருக்குதுங்க. சுடாது, அவ்வளவுதான். நாம மறந்துருவோம், தோலு மறக்காதுங்க." இந்த மலையில் பிறந்தவர்களுக்கு அது ஏறவே ஏறாது. குளிர்ந்தால் வெயில் இல்லை, அதுதான் இங்கே கணக்கு.

ஒருநாள் நான் வீம்புக்கே கேட்டேன். "அம்மணி, நான் பாதி ஆயுசு அடுப்பு முன்னாடி நின்னவன். என் மூஞ்சிக்கு என்ன கேடு வந்துது?"

என் முகத்தைப் பார்த்தாள். அவள் பார்க்கிற விதமே வேறு. கண்ணைப் பார்க்கமாட்டாள். கன்னம், நெற்றி, மூக்கோரம் என்று தடவிப் பார்க்கிற மாதிரி பார்வை ஊரும். அவள் பார்த்து முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொள்ளத் தோன்றும்.

"நிக்கறப்ப அடுப்பு உங்களுக்கு வலது பக்கமுங்களா?"

அவள் பேக்கரிக்குள் கால் வைத்ததே கிடையாது. வாசலோடு சரி. "உனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"வலது கன்னம் ஒரு நெறம், இடது கன்னம் ஒரு நெறம். ஊட்டுல போய்க் கண்ணாடி பாருங்க."

வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். வருடக்கணக்காக அதே கண்ணாடியில் சவரம் செய்கிறவன். ஒரு பேப்பரை எடுத்துப் பாதி முகத்தை மறைத்து, பிறகு மறு பாதியை மறைத்துப் பார்த்தேன். இரண்டு வேறு ஆட்கள். வலது பக்கத்து ஆள் கருகியிருந்தான். 

கல்யாணப் பெண்கள் வந்தால் அவள் கேட்கிற ஒரு கேள்வி உண்டு. "கல்யாணத்துல ஓமத் தீ வளப்பீங்களா?" ஜெகதளாவிலிருந்து ஒரு அம்மா மகளோடு வந்திருந்தார். "என்ன கேள்வி இது? வளக்காம?" என்றார். "அப்பக் கல்யாணம் முடிச்சுட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டாள். அந்த அம்மா நேராக என் கல்லாவுக்கு வந்து குதித்தார்.

"ஏனுங்க, கல்யாணம் முடிஞ்சப்புறம் மூஞ்சி எதுக்குங்க? எப்படியாப்பட்ட ஆளை வெச்சிருக்கீங்க மேல!"

கடையே சிரித்தது. மயில்சாமி மட்டும் சிரிக்கவில்லை. அந்த அம்மா போனதும் கிட்டே வந்து, "கோயமுத்தூர்ல ஒரு பொண்ணு மூஞ்சியக் கெடுத்துப் போட்டுத்தான் மலையேறி வந்துருக்குதாமா மொதலாளி" என்றான்.

முதுகுக்குப் பின்னால் பேசுவது என்னிடம் கிடையாது. அப்போதே மாடி ஏறிக் கேட்டேன். அவள் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஆமாங்க" என்றாள்.

"யாரு?"

"என் தங்கச்சிங்க."

தண்ணீரை மூடினாள். "கல்யாணத்துக்கு மூஞ்சி பளிச்சுன்னு வேணுமுன்னா. டாக்டரைக் கேக்காம நானே போட்டு உட்டேன். நல்லாத்தான் வந்துது. காலைல இருந்து ஓமத் தீக்கு எதுத்தாப்புல உக்காந்திருந்தா. அன்னிக்கு ஒண்ணுமே தெரியலீங்க. போட்டோவுல எல்லாம் அழகாத்தான் இருக்கா. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக் கறுப்பு எந்திரிச்சு வந்துது. ரெண்டு கன்னமும்."

"இப்ப எப்படி இருக்குது?"

"என்னைப் பாக்கறதில்லீங்க. ஊட்டுக்குள்ள லைட்டே போட மாட்டாளாமா."

மறுபடி தண்ணீரைத் திறந்து பிரஷ் கழுவ ஆரம்பித்தாள்.

வேறு ஆளாக இருந்தால் அன்றே காலி செய்யச் சொல்லியிருப்பான். நான் சொல்லவில்லை. மயில்சாமி என்னிடம் சேர்ந்த புதிதில் ஒரு தீபாவளிச் சரக்கை மொத்தமாகக் கருக்கினான். அவனை விரட்டவில்லை. அதற்குப் பிறகு அவன் கையில் ஒரு வர்க்கி கருகியதில்லை. ஒருமுறை சுட்டுக்கொண்ட கைதான் பயந்து வேலை செய்யும் என்பது நான் தொழிலில் கண்டது. அந்தத் தைரியத்தில்தான் என் பேத்தியை அவளிடம் அனுப்பினேன்.

பேத்தி தர்ஷினி, மகள் வயிற்றுப் பேத்தி. மகளும் மருமகனும் திருப்பூரில். ஹோட்டல் படிப்புக்காக இவள் எங்களோடு இருந்தாள். கொரோனா போய் ஊரெல்லாம் மாஸ்க்கைக் கழற்றிய பிறகும் இவள் கழற்றவில்லை. சாப்பிடும்போதுகூடத் தட்டை எடுத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்காருவாள். கன்னம் இரண்டும் பரு. சிவந்து, பழுத்து, ஒன்று அமுங்கினால் பக்கத்தில் இன்னொன்று.

"ரிசப்ஷன்ல நிக்கணும் அப்பிச்சி" என்றாள் ஒருநாள், மாஸ்க்குக்குள்ளிருந்தே. "ட்ரெய்னிங்குக்கு ஆள் எடுக்க வருவாங்க. மாஸ்க்கைக் கழட்டச் சொல்லுவாங்க. இந்த மூஞ்சியப் பாத்தா லாண்டரிக்குத்தான் அனுப்புவாங்க. அங்க பெட்ஷீட் என்னைப் பாத்து ஒண்ணும் சொல்லாது."

சிரிக்கத்தான் சொன்னாள். என் மனைவி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

நான் மாடிக்குப் போய், என் பேத்தி, என் கட்டடம், காட்டமாகப் போட்டு ஒரே தடவையில் முடித்துவிடு என்றேன். என் சொல்லை யாரும் தட்டுவதில்லை. அவள் தட்டினாள்.

"அடுப்பை ஏத்தி வெச்சா வர்க்கி சீக்கிரம் வெந்துருமுங்களா?"

"மேல கருகும். உள்ள மாவா நிக்கும்."

"தெரியுதில்லீங்க. டாக்டர் பாக்கட்டும். லேசா, விட்டு விட்டுத்தான் போடோணும்."

முதல் தடவை நானும் கூட உட்கார்ந்தேன். மருந்து பட்டதும் பேத்தியின் கால் விரல்கள் மடங்கின. "எறும்பு ஊருதுக்கா... கடிக்குதுக்கா." ஃபேன் சுழன்றது. அவள் முகத்தோடு முகம் வைக்கிற தூரத்தில் குனிந்து நின்றாள். எதற்காகக் காத்திருந்தாள் என்று எனக்குத் தெரியாது, அவள் மூச்சு விட்டதாகவும் தெரியவில்லை. சட்டென்று "போதும்" என்று கழுவ ஆரம்பித்தாள். பிறகு சொல்லிக்கொடுத்தாள்: வெந்நீர் கூடாது, உரிகிற தோலைப் பிய்க்கக் கூடாது, குடையில்லாமல் வாசல் தாண்டக் கூடாது. "அடுப்புப் பக்கம் போகவே கூடாது கண்ணு. கேஸ் அடுப்புன்னாலும் சரி, அப்பிச்சி அடுப்புன்னாலும் சரி."

மெள்ள மெள்ளத் தெளிந்தது. மாஸ்க் மூக்குக்குக் கீழே இறங்கியது, பிறகு தாடைக்கு. ஒரு சாயங்காலம் வெறும் முகத்தோடு கடைக்கு வந்து, கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, எல்லார் எதிரிலும் ஒரு பன் தின்றாள். மயில்சாமி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "இது ஆரு மொதலாளி, புதுப் புள்ளையா இருக்குது?" என்று கேட்டுவிட்டுத் துண்டால் கண்ணைத் துடைத்தான். புகை என்றான்.

ஆள் எடுக்க வருவதற்கு முன்னால் கடைசித் தடவை. அன்று பகலிலேயே மஞ்சு கடைக்குள் வந்துவிட்டது. மழையும் குளிரும். மாடியில் அடுத்த பெண் நாற்காலியில் ஏறியிருந்தாள். பேத்திக்கு மருந்து போட்டுக் கழுவி முடிந்திருந்தது. பின்படியில் மழை வழிகிறது, வழுக்கும் என்று பேத்தி தானாகவே முன்படி வழியாக இறங்கியிருக்கிறாள். ஃபேன் காற்றில் உடம்பெல்லாம் விறைத்திருந்தது.

என் பேக்கரியில் ஒரு வழக்கம் உண்டு, நான் ஏற்படுத்தியது. நான் இந்த மலைக்கு வந்த முதல் குளிரில், நெருப்புக்குப் பக்கத்தில் உட்கார் என்று ஒரு வாய் சொல்லவில்லை. அதனால் வேண்டியவர்கள் யார் குளிரில் வந்தாலும், அடுப்பு வாய்க்கு முன்னால் முக்காலி போட்டு, அப்போது எடுத்த சரக்கில் முதல் வர்க்கியைக் கையில் கொடுக்க வேண்டும். நாங்கள் செய்கிற மரியாதையில் பெரிய மரியாதை அதுதான். மயில்சாமிக்கு முதலாளி பேத்தியை விட வேண்டியவர்கள் யார்?

"வா சாமி, வெறச்சுப் போயிட்ட பாரு. இப்படி உக்காரு" என்று முக்காலியைத் துடைத்துப் போட்டிருக்கிறான்.

நான் ரோட்டில் ஜீப்புக்குத் தட்டு ஏற்றிக்கொண்டிருந்தேன். படியில் தடதடவென்று சத்தம் கேட்டுத் திரும்பினேன். மாடியிலிருந்து அவள் ஓடி வந்தாள். மேலே இருந்த பெண்ணின் முகத்தைக் கழுவிவிட்டுத் திரும்பியபோது, குடை ஆணியிலேயே தொங்குவதைப் பார்த்திருக்கிறாள். கால் வைக்காத பேக்கரிக்குள் நுழைந்து, அடுப்புக்கும் பேத்திக்கும் நடுவில் போய் நின்றாள். நெருப்பு வெளிச்சம் அவள் முகத்தில் நேராக அடித்தது.

"எந்நேரமா உக்காந்திருக்குது?"

 மயில்சாமி, "இப்பத்தானுங்க... ஒரு அடுப்புச் சரக்கு வேகற நேரம்" என்றான். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவன் குரல் இறங்கிவிட்டது. அது சின்ன நேரமில்லை. முக்காலி அடுப்புக்கு இடது ஓரத்தில், பேத்தியின் வலது கன்னம் நெருப்பைப் பார்த்து இருந்தது.

மேலே கூட்டிப்போய் ஈரத் துணி போட்டாள். நான் கதவோரம் நின்றேன்.

"அக்கா, ஒண்ணும் ஆகாதில்ல? எரியவே இல்லக்கா. இதமாத்தான் இருந்துது."

"எரிஞ்சிருந்தா எந்திரிச்சிருப்பயே கண்ணு" என்றாள்.

அடுத்த நாள் ஒன்றுமில்லை. அதற்கடுத்த நாளும் ஒன்றுமில்லை. தோல் உரிந்து, அடியில் கழுவிவைத்த பீங்கான் மாதிரி முகம் வந்தது. ஆள் எடுக்க வந்தவர்கள் முன்னால் மாஸ்க் இல்லாமல் நின்றாள். ரிசப்ஷனுக்கே எடுத்துக்கொண்டார்கள். நான் கடையில் வந்தவருக்கெல்லாம் மைசூர்பா கொடுத்தேன். மயில்சாமி அழுதான், இந்தத் தடவை புகை என்று சொல்லவில்லை.

மேலேயும் ஒரு தட்டு கொண்டுபோனோம். அவள் இனிப்பைத் தொடவில்லை. பேத்தியின் தாடையைப் பிடித்து, திரையை விலக்கி, வலது கன்னத்தை ஜன்னல் பக்கம் திருப்பினாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "நல்லா இருக்குது கண்ணு" என்றாள். பேத்தி துள்ளிக்கொண்டு இறங்கினாள்.

நான் பின்தங்கி நின்றேன். "நிசமாவே நல்லா இருக்குதா அம்மணி?"

"நல்லா இருக்குதுங்க" என்றாள். "தங்கச்சியும் போட்டோவுல இப்படித்தானுங்க இருந்தா."

அந்த மாதமே காலி செய்தாள். யாரும் போகச் சொல்லவில்லை. "அடுப்பை வேணா பின்னாடி மாத்திக் கட்டறேன், இரு" என்று நானே இறங்கிப் போய்ச் சொன்னேன். நான் ஒருவரிடம் அப்படி இறங்கிப் போனதைப் பார்த்தவர்கள் கிடையாது.

"வேண்டாமுங்க. அடுப்பு இருக்கற ஊட்டுக்கு நான்தான் வந்திருக்கக் கூடாது" என்றாள். குடையைப் பேத்திக்கென்று ஆணியில் விட்டுவிட்டுப் போனாள். ஊட்டியில் காந்தல் பக்கம் பார்த்ததாக ஒருவர் சொன்னார். ஆள் அனுப்பிப் பார்த்தேன், அகப்படவில்லை.

குடையைப் பேத்தி எடுத்துப் போகவில்லை. "மஞ்சுக்குக் குடை பிடிச்சா ஹோட்டல்ல சிரிப்பாங்க அப்பிச்சி." கோத்தகிரி தாண்டி, தேயிலைக்கு நடுவே ஒரு பெரிய ஹோட்டல். அங்கேயே தங்கல். வேலைக்குப் போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது.

நேற்று வீடியோவில் கூப்பிட்டாள். புடவை கட்டி, கொண்டை போட்டு, என் பேத்திதானா என்று இருந்தது. வலது கன்னத்தில், காதோரமாக, ஏதோ நிழல் மாதிரி. போனைத் துடைத்தேன். நிழல் போகவில்லை.

"கண்ணு, மூஞ்சியக் கொஞ்சம் வெளிச்சத்துக்குத் திருப்பு."

"லைட்டிங் அப்பிச்சி, அதான். அதை உடுங்க, என் எடத்தைப் பாருங்க." போனைத் திருப்பினாள். மரத்தரை, பெரிய மேஜை, அதன்மேல் பூ. மேஜைக்குக் கைக்கெட்டும் தூரத்தில், கல் வைத்துக் கட்டிய ஆள் உயரக் கணப்பு. அதில் விறகு கொழுந்துவிட்டு எரிந்தது. "வர்ற கெஸ்ட் எல்லாரும் இங்கதான் போட்டோ எடுக்கறாங்க. காலைல இருந்து நின்னாலும் குளிரே தெரியாது. உங்க அடுப்படி மாதிரியே இருக்குது அப்பிச்சி!"

 கேட்காமல் இருக்க முடியவில்லை.

"நிக்கறப்ப நெருப்பு உனக்கு எந்தப் பக்கம் கண்ணு?"

மேஜைக்குப் பின்னால் போய் நின்று காட்டினாள். "வலது பக்கம். ஏனுங்க அப்பிச்சி?"

சும்மாதான் என்றேன். போனை வைத்துவிட்டு மாடிக்கு ஏறினேன். அந்த அறையில் மறுபடி மைதா மூட்டைதான் கிடக்கிறது. ஆணியிலிருந்து குடையை எடுத்து, படிந்திருந்த மாவைத் தட்டினேன். காலையில் கோத்தகிரிக்கு முதல் பஸ்.